அட்டைப்பெட்டி மலிவு; சேதம் யார் கணக்கில்?

சரக்கு வந்து இறங்கியதும், அனுபவப்பட்ட கடைக்காரர் பில்லைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியின் மூலைகளைப் பார்த்துவிடுவார். மூலைகள் கூராக நின்றால் உள்ளே இருப்பது பிழைத்தது. மூலை நசுங்கி, பக்கம் தொந்தி தள்ளியிருந்தால், பிரிக்காமலேயே கணக்குச் சொல்லிவிடுவார்: இத்தனை பாக்கெட் ஒழுகும், இத்தனை பாட்டில் போகும் என்று. பிறகு தொடங்கும் வாக்குவாதம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாரி ஷெட்டில் கேட்டால் "ஏற்றும்போதே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். கம்பெனிப் பிரதிநிதி "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பார். முடிவில் அந்த ஒழுகிய பாக்கெட்டுகள் யாருடைய கடையில் கிடக்கின்றனவோ அவர் தலையிலேயே நஷ்டம் விடியும். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதற்குத் தண்டம் கட்டுபவர் வேறொருவர். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

இது பெரிய கம்பெனிகளின் விவகாரம், சில்லறை வணிகருக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் இன்று மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய், செக்கு எண்ணெய், கடலை மிட்டாய் என்று சொந்த லேபிளில் சரக்குப் போட்டு வெளியூர் அனுப்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், ஊர்ப் பெயரோடு சரக்கு அனுப்பும் ஆசை சிறு வியாபாரிக்கும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பெட்டி வாங்கும்போது, நாம் எந்தக் கம்பெனிகளைக் குறை சொல்கிறோமோ அவர்கள் செய்வதையே நம்மவர்களும் செய்கிறார்கள்.

பெட்டித் தயாரிப்பாளரிடம் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு பெட்டி என்ன ரேட்?" என்பது. இரண்டாவது கேள்வி, "இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்பது. மூன்றாவது கேள்வி கிடையாது. அவரும் தொழில் செய்ய வேண்டுமே! "அண்ணாச்சி, பேப்பர் விலை ஏறிப்போச்சு. இதே ரேட்டுக்கு வேணும்னா ஜி.எஸ்.எம். கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றேன், பார்வைக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பார்வைக்கு ஒன்றும் தெரியாதுதான். எட்டு பெட்டி அடுக்கில் அடிப்பெட்டியாக நிற்கும்போதுதான் தெரியும்.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலைபோல மடித்த ஒரு தாள் இருந்தால் அது மூன்று பிளை. அதன்மேல் இன்னொரு அலையும் இன்னொரு தாளும் சேர்ந்தால் ஐந்து பிளை. அந்த அலைக்குத்தான் தொழிலில் ஃபுளூட் என்று பெயர். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரமுள்ளது 'ஏ', 4 மில்லிமீட்டர் அளவில் 'சி', 3 மில்லிமீட்டர் அளவில் 'பி', ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் 'இ'. உயரமான அலை அடுக்கைத் தாங்கும், இடிபட்டால் மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும். சிறிய அலை குத்து, நசுக்கல் இவற்றுக்கு ஈடுகொடுக்கும், அச்சு அழகாக விழும். ஐந்து பிளையில் ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாகச் சேர்ப்பது அதனால்தான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. பி.எஃப். என்பது அந்தத் தாள் எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்பதைக் காட்டும் எண். 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப். தாள் என்றால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 2.7 கிலோ வரும்.

நம் ஊரில் பேரம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறது. வெடிப்பு வலிமை என்பது உள்ளேயிருந்து பொருள் முட்டினாலும், வெளியேயிருந்து ஏதாவது குத்தினாலும் அட்டை கிழியுமா என்பதற்கான பதில். மேலே ஏழு பெட்டி ஏறி உட்கார்ந்தால் இது நிற்குமா என்ற கேள்விக்கு அது நேரடிப் பதில் அல்ல. அமெரிக்காவில் இந்த வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது. மரப்பெட்டியில் வரும் சரக்குக்கு ஒரு கட்டணம், அட்டைப்பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் என்று அங்கே ரயில் கம்பெனிகள் வசூலித்து வந்தன. அது செல்லாது என்று 1914-இல் அந்நாட்டு வணிக ஆணையம் தீர்ப்பளித்தது. ரயில் கம்பெனிகளின் விதிப்படி, பெட்டியைச் செய்தவர் தன் பெயரையும் அட்டையின் வெடிப்பு வலிமையையும் ஒரு வட்ட முத்திரையாக மடிப்பில் அச்சிட்டுப் பொறுப்பேற்கும் பழக்கம் அங்கே நிலைத்தது. 1991-இல்தான் அந்த விதியில், வெடிப்பு வலிமைக்குப் பதிலாக அட்டையை நிமிர்த்தி நிறுத்தி விளிம்பில் அழுத்திப் பார்க்கும் அளவையும் ஏற்றுக்கொண்டார்கள். கிட்டங்கியில் பெட்டி வெடிப்பதைவிட நசுங்குவதே அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கே அத்தனை காலம் பிடித்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் அப்படி ஒரு முத்திரையைக் காண்பது அரிது. கேட்டால் போட்டுத் தரமாட்டார்கள் என்று நாம் நினைக்கவில்லை. கேட்பாரில்லை என்பதே உண்மை.

ஆகவே பெட்டி வாங்கப் போகுமுன் நம்மவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் சரக்கு தன்மேல் பாரம் ஏறினால் தாங்குமா, தாங்காதா? டப்பா, சோப்புக்கட்டி, இறுக்கமாக அடுக்கிய பருப்புப் பாக்கெட் இவை தாமே பாரம் சுமக்கும். இவற்றுக்குப் பெட்டி என்பது சேர்த்துப் பிடிக்கும் ஒரு சட்டைதான், மூன்று பிளை போதும். இதற்கு ஐந்து பிளை போட்டுக் காசைக் கரைப்பவர்களும் உண்டு. எண்ணெய்ப் பாக்கெட், காற்றடைத்த மிக்சர் பாக்கெட், அப்பளக் கட்டு இவை பாரம் தாங்கா. இங்கே முழுப் பாரத்தையும் பெட்டியின் நான்கு சுவர்களே சுமக்க வேண்டும். இந்த இரண்டு வகைச் சரக்குக்கும் ஒரே பெட்டியை வாங்குவதுதான் நம்மிடையே உள்ள பெரிய தவறு.

எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாக்கெட் பன்னிரண்டு போட்டால் பெட்டியோடு ஏறத்தாழ 12 கிலோ. கிட்டங்கியில் எட்டு உயரம் அடுக்கினால் அடிப்பெட்டியின்மேல் ஏழு பெட்டி, 84 கிலோ. அப்படியானால் 84 கிலோ தாங்கும் பெட்டி போதுமா? போதாது. பெட்டிக் கடையில் சோதனை எந்திரம் காட்டும் எண், உலர்ந்த அறையில், காலிப் பெட்டியை ஒரே ஒரு தடவை அழுத்தியபோது கிடைத்தது. நம் கிட்டங்கியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் இருக்கிறது. ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால் அட்டை தன் தாங்கு சக்தியில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். மாதக்கணக்கில் பாரத்தின்கீழ் நின்றால் இன்னும் தளரும். லாரிக் குலுக்கல் வேறு. இவற்றையெல்லாம் கருதியே, கணக்கிட்ட பாரத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தாங்கும் பெட்டி வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள பொது வழக்கு. நான்கு மடங்கு என்று வைத்தால் 336 கிலோ. பெட்டிக்காரரிடம் "எத்தனை பிளை, என்ன ரேட்?" என்று கேட்பதைவிட, "336 கிலோ கம்ப்ரஷன் தாங்கும் பெட்டி வேண்டும், சோதித்துக் காட்டுங்கள்" என்று கேட்பவருக்குத்தான் சரியான பெட்டி கிடைக்கும். எத்தனை பிளை, எந்தத் தாள் என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அது அவர் தொழில்.

எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உள்ளே உள்ள திரவம் நான்கு பக்கமும் சுவரைத் தள்ளும். சுவர் தொந்தி தள்ளிவிட்டால் பாரம் தாங்காது. பெட்டி பெரிதாக இருந்து உள்ளே பாக்கெட் தளர்ந்து கிடந்தாலும் இதுதான் கதி. பெட்டி பாக்கெட்டுகளுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். அடியை மூடுவதற்குக் கம்பிப் பின் அடிப்பதை எண்ணெய்க்காரர்கள் அறவே விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு பின் சற்றே நிமிர்ந்தால் ஒரு பாக்கெட் போயிற்று, ஒழுகிய எண்ணெயில் அட்டை ஊறி அடுக்கே போயிற்று. ஒட்டிய பெட்டியும் டேப்பும் நல்லது.

நல்ல பெட்டியையும் கெடுத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பெட்டி சுமக்கும் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நான்கு மூலைகள் வழியாகவே இறங்குகிறது. மூலைக்குமேல் மூலை வருமாறு நேராக அடுக்கினால் அந்த வலிமை முழுதாகக் கிடைக்கும். செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சாயாது, உண்மைதான். ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுச்சுவரில் உட்கார்ந்து, வலிமையில் பாதிவரை போய்விடும். சாயாமல் இருக்க மேல் ஒரு வரிசையை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். அதேபோல, அலைகள் செங்குத்தாக நிற்கும்படிதான் பெட்டி செய்யப்படுகிறது. இடம் கிடைக்கிறதே என்று பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டால், தூண்களைப் படுக்க வைத்து அதன்மேல் கூரை போட்ட கதைதான். மேலே நோக்கிய அம்புக்குறி அச்சிடுவது அலங்காரத்துக்கு அல்ல.

கண்ணாடிப் பாட்டில் கதை வேறு. அலைத்தாள் சரக்கு அனுப்பும் வேலைக்கு வந்ததே பாட்டிலுக்காகத்தான். 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றி அனுப்பவே அலைத்தாளுக்குக் காப்புரிமை பெற்றார். ஊறுகாய் பாட்டில் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகவே தாங்கும். அது உடைவது பக்கத்துப் பாட்டிலோடு மோதி. ஆகவே பாட்டிலுக்குப் பெட்டியின் தடிப்பைவிட உள்ளே போடும் குறுக்கு அட்டை, அதாவது பார்ட்டிஷன், முக்கியம். அதைப் பாட்டிலின் தோள் உயரத்தோடு நிறுத்திக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடி உயரம் வரை வந்தால்தான் அது பாரத்திலும் பங்கெடுக்கும். அடியில் ஒரு தட்டை அட்டையும் அவசியம். பெட்டியை இறக்கி வைக்கும் அந்த ஒரு தட்டில்தான் பாதிப் பாட்டில்கள் விரிசல் விடுகின்றன.

அப்பளம், வடகம், மிக்சர் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது இடக்கணக்கு. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, நிஜ எடையையும் இதையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் போடுவது வழக்கம். வகுக்கும் எண் ஆளுக்கு ஆள் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 45 × 30 × 30 பெட்டியில் 5 கிலோ அப்பளம் அனுப்பினால் கட்டணம் 8.1 கிலோவுக்கு. உள்ளே மேலே காலியாகக் கிடக்கும் 6 சென்டிமீட்டரைக் குறைத்து 24 ஆக்கினால் 6.48 கிலோவுக்கு. ஒவ்வொரு பார்சலிலும் ஒன்றரை கிலோ காற்றுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பது இப்போதாவது தெரிகிறதா?

பெட்டியின் வாய் எந்தப் பக்கம் என்பதிலும் காசு இருக்கிறது. பெரும்பாலோர் இதைக் கணக்குப் பார்ப்பதே இல்லை. நாம் வாங்கும் சாதாரணப் பெட்டியில் வெளி மடிப்புகள் இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். ஆகவே வாய் அகலமானால் மடிப்புக்கு அட்டை கூடுதலாகப் போகும். 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டியின் வாயை 40 × 30 பக்கம் வைத்தால், ஒட்டு மடிப்பு நீங்கலாக, 7,000 சதுர சென்டிமீட்டர் அட்டை வேண்டும். அதே பெட்டியின் வாயை 40 × 20 பக்கம் வைத்தால் 6,000 போதும். உள்ளே கொள்ளும் சரக்கு அதேதான், அட்டையில் ஏழில் ஒரு பங்கு மிச்சம். தாளை மெலிதாக்கி விலை குறைப்பதற்கு முன் இந்த வழியில் குறைக்கலாமே! சரக்கை அந்த வாய்வழியாகப் போட்டு அடுக்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்டியில் சரக்கு அனுப்பும் வழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். உள்ளூர்க் கடைக்குக் கையில் கொண்டுபோகிற சரக்கு என்றால் சரி. லாரியில் ஏறும் சரக்குக்கு வேண்டாம். ஒருமுறை பாரம் சுமந்து மடிந்த மூலை மறுமுறை அதே பாரத்தைச் சுமக்காது. சோப்பு வந்த பெட்டியில் தேயிலையோ மாவோ போனால் வாசனை ஏறிக்கொள்ளும். மேலும், மொத்தச் சிப்பத்தின்மேல் தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவர் பெயர், முகவரி, சரக்கின் பெயர், உள்ளே உள்ள பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அல்லது நிகர அளவு இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள்கள் விதி. வேறொரு கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் நம் சரக்கை அனுப்பி, வழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பானேன்?

பெட்டியின் வடிவம் வெறும் சேதக் கணக்கோடு முடிவதில்லை, அது நேர்மையான வியாபாரத்தையும் தீர்மானிக்கும் என்பதற்கு நம் பழக்கடைகளுக்கு வரும் இமாச்சல ஆப்பிளே சாட்சி. மரப்பெட்டிகள் போய் அட்டைப்பெட்டிகள் வந்தபோது, அங்கே மேல் மூடி கீழ்ப்பெட்டியின்மேல் சட்டைபோல இறங்கும் இரட்டைப் பெட்டி பழக்கத்துக்கு வந்தது. மூடியை உயர்த்தினால் இன்னொரு வரிசை பழம் வைக்கலாம். மண்டியில் விலை பெட்டிக்குத்தான். ஆகவே 20 கிலோ இருக்க வேண்டிய பெட்டியில் 28, 30 கிலோ திணிக்கும்படி ஆயிற்று. விளைவித்தவனுக்குக் கூடுதல் பழத்துக்குக் காசில்லை. சுமப்பவனுக்குக் கூடுதல் பாரம், அதே கூலி. அடிப்பழம் நசுங்கி வந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2023-இல் எடைக்கு விற்பனை என்றும், 2024 பருவத்திலிருந்து உயரம் கூட்ட முடியாத ஒற்றைப் பெட்டிதான் என்றும் அம்மாநில அரசு கட்டாயமாக்கியது. பேச்சுவார்த்தையில் தீராத ஒரு தகராறு, மூடியின் வடிவத்தை மாற்றியதும் வழிக்கு வந்திருக்கிறது.

நம் பகுதியில் நாம் செய்யக்கூடியவை இரண்டு என்று கருதுகிறோம். முதலாவது, வாங்கும் கடைக்காரர் என்ற முறையில். நசுங்கிய பெட்டியால் வந்த சேதம், பெட்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவரின் கணக்கில்தான் சேர வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர்களோடு எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். சரக்கு இறக்கும்போதே, லாரிக்காரர் நிற்கும்போதே, நசுங்கிய பெட்டியைத் தனியே வைத்துப் படம் எடுத்து, டெலிவரி ரசீதில் எண்ணிக்கையைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் பழக்கம் வேண்டும். மறுநாள் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தனிக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள், ஐம்பது கடைக்காரர்கள் ஒரே வாசகத்தில் கேட்டால் யோசிப்பார்கள்.

இரண்டாவது, அனுப்பும் வியாபாரி என்ற முறையில். ஒரு அளவுக்கு நூறு பெட்டி, இருநூறு பெட்டி என்று தனித்தனியே போய் நின்றால் பெட்டிக்காரர் கொடுத்ததுதான் பெட்டி. நம் உறுப்பினர்கள் அனுப்பும் சரக்குகளை வைத்து மூன்று அல்லது நான்கு பொது அளவுகளை முடிவு செய்து, சங்கத்தின் மூலம் சேர்த்து வாங்கினால் தாளின் தரத்தையும் தாங்கு சக்தியையும் நாமே நிர்ணயிக்கலாம். அடிப்பாகம் 40 × 30 சென்டிமீட்டர் என்ற அளவை இதற்கு முதலில் பரிசீலிக்கலாம். பெரிய கடைகளின் கிட்டங்கியில் புழங்கும் 120 × 100 சென்டிமீட்டர் மரத்தட்டில் ஒரு வரிசைக்குச் சரியாகப் பத்துப் பெட்டி உட்காரும், ஓர் அங்குலமும் வெளியே நீட்டாது. பெட்டியில் அச்சு வேண்டுமே என்று தயங்குவோர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். காலிப் பெட்டியின் அழகு வாடிக்கையாளர் கண்ணில் படுவதே இல்லை.

விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் சரக்கின் பெயர், ஒரு பெட்டிக்கு எத்தனை பாக்கெட், மொத்த எடை, எத்தனை உயரம் அடுக்குகிறீர்கள், தற்போது வாங்கும் பெட்டியின் அளவு ஆகியவற்றை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். அளவு எழுதும்போது பெட்டியின் உள் அளவையே எழுதவும். வெளி அளவு எழுதினால், ஐந்து பிளைப் பெட்டியில் ஒவ்வொரு பக்கமும் 6, 7 மில்லிமீட்டர் அட்டைக்கே போய்விடும், கடைசி வரிசைப் பாட்டில் உள்ளே இறங்காது.